சிங்க் அடைச்சிக்கிச்சா? மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க

சிங்க்ல தண்ணி இறங்கலைன்னா முக்கால்வாசிப் பேர் முதல்ல செய்யுறது என்னன்னா, புளோக்குக்குக் கீழ இருக்குற ஹார்ட்வேர் கடைக்கோ மினிமார்ட்டுக்கோ போய் பைப் கிளீனர் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்து கடகடன்னு ஊத்துறதுதான். தயவுசெஞ்சு அதை முதல்ல செய்யாதீங்க. அடைப்பு எந்த இடத்துலன்னு தெரியாம எதை ஊத்தினாலும் வேஸ்ட், சில நேரம் ஆபத்தும் கூட. நம்ம சிங்கப்பூர் எச்டிபி வீட்டுல (அரசாங்க அடுக்குமாடி வீடு) வர்ற சாதாரண அடைப்புக்கு ஒரு வாளி, ரப்பர் கிளவுஸ், ரப்பர் பம்ப், பழைய டூத் பிரஷ், டார்ச் லைட் இருந்தாலே போதும்.

முதல்ல அடைப்பு எங்கேன்னு பாருங்க

எல்லாக் குழாயையும் மூடிட்டு ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. கிச்சன் சிங்க்ல மட்டும் தண்ணி நிக்குது, பாத்ரூம்ல எல்லாம் நல்லா போகுதுன்னா அடைப்பு பக்கத்துலயே இருக்கு, அது நீங்களே எடுத்துடக்கூடியது. வாஷிங் மெஷின் தண்ணியை வெளியேத்துற நேரத்துல மட்டும் தரையில தண்ணி பொங்குதுன்னா அந்த ஃப்ளோர் டிராப்பைத்தான், அதாவது தரையில தண்ணி இறங்குற குழியைத்தான், முதல்ல சந்தேகப்படணும். ரெண்டு மூணு இடத்துல ஒரே நேரத்துல மெதுவா போகுது, டாய்லெட் ஃப்ளஷ் பண்ணினா தரைக்குழியில குபுகுபுன்னு சத்தம் வருதுன்னா அடைப்பு உள்ள தள்ளி இருக்கு.

இன்னொண்ணு இருக்கு, கீழ் மாடியில இருக்குறவங்க இதை நல்லா கவனிக்கணும். நீங்க வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி கூட திறக்கலை, ஆனாலும் குழியிலேர்ந்து அழுக்குத் தண்ணி மேல வருதுன்னா அது உங்க தண்ணியே இல்ல, மேல் மாடிக்காரங்க தண்ணி. எல்லா மாடிக்கும் பொதுவா செங்குத்தா இறங்குற பெரிய பைப் அடைச்சிருக்கு. அதை நீங்க தோண்டவும் வேணாம், பிளம்பருக்கு காசு கொடுக்கவும் வேணாம், பொதுப் பைப், புளோக்கோட பொது இடங்களைப் பராமரிக்கிற டவுன் கவுன்சில் பொறுப்பு. அவங்களுக்கு 24 மணி நேர அவசரப் பராமரிப்பு லைன் இருக்கு, உங்க டவுன் கவுன்சில் வெப்சைட்ல நம்பர் இருக்கும், இப்பவே போன்ல சேவ் பண்ணி வச்சுக்குங்க. காண்டோவா (தனியார் அடுக்குமாடி) இருந்தா மேனேஜ்மென்ட் ஆபீஸ்கிட்ட சொல்லுங்க.

புது பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு பண்ணி எச்டிபிகிட்ட வாங்குற புது வீடு) இப்பத்தான் குடி போயிருக்கீங்கன்னா சிமெண்ட், ஓட்டுத் துண்டு எதாவது பைப்ல கிடக்கலாம். சாவி வாங்கின தேதியிலேர்ந்து 1 வருஷத்துக்குள்ளன்னா எச்டிபி கிட்ட சொல்லி சரி பண்ணச் சொல்லலாம், ரெனவேஷன் ஆளுங்களால வந்த குப்பைன்னா மட்டும் அவங்களைத்தான் கேக்கணும்.

கிச்சன் சிங்க்

நம்ம வீட்டு சிங்க்ல அடைக்கிறது பெரும்பாலும் எண்ணெயும் கொழுப்பும்தான். தேங்காய்ப்பால், நெய், ஆட்டுக்கறிக் குழம்போட கொழுப்பு, இதெல்லாம் சூட்டுல தண்ணி மாதிரி ஓடிடும், பைப்புக்குள்ள போய் ஆறினதும் சுவரோட ஒட்டிக்கும், அது மேல தோசை மாவு, சோத்துப் பருக்கை, டீத்தூள் எல்லாம் வந்து படிஞ்சு கெட்டியாயிடும். தீபாவளி நேரத்துல முறுக்கு, அதிரசம்னு சுட்டுட்டு மிச்ச எண்ணெயை சிங்க்ல ஊத்துறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க, ஆற வச்சு பழைய பேப்பர்ல ஊற விட்டு பையில கட்டி குப்பையில போட்டுடுங்க.

தேங்கின தண்ணியை முதல்ல மொண்டு வெளியேத்துங்க. கொஞ்சமாவது இறங்குதுன்னா பாத்திரம் கழுவுற சோப்பை ரெண்டு மூணு ஸ்பூன் விட்டு சுடுதண்ணி ஊத்துங்க. கொதிக்கிற தண்ணி வேணாம், கை பொறுக்குற சூடு போதும், ஏன்னா பைப் பிவிசி, கொதிதண்ணி பட்டா இளகும், ஜாயிண்ட் விட்டுக்கும்.

சரி வரலைன்னா பம்ப். ரப்பர் வாய் முங்குற அளவு தண்ணி இருக்கணும். சிங்க்ல மேல சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, தண்ணி வழியாம இருக்க வச்சது, அதை ஈரத்துணியால நல்லா அடைச்சுக்குங்க, ரெட்டை சிங்க்னா பக்கத்து ஓட்டையையும் மூடணும், இல்லைன்னா நீங்க கொடுக்குற அழுத்தம் எல்லாம் அந்த வழியா போயிடும். அப்புறம் ஒரு 15, 20 தடவை மேலயும் கீழயும் அழுத்திட்டு வெடுக்குன்னு இழுங்க. தள்ளுறதை விட இழுக்குறதுலதான் அடைப்பு அசையும்.

அப்பவும் இறங்கலைன்னா சிங்க்குக்குக் கீழ கதவைத் திறந்து பாருங்க, பாட்டில் மாதிரி ஒரு டிராப்போ (தண்ணி கொஞ்சம் தேங்கி நிக்கிற பாகம்), வளைஞ்ச பைப்போ இருக்கும். அதுக்கு நேர் கீழ வாளியை வையுங்க, யாரும் குழாயைத் திறக்கக்கூடாதுன்னு வீட்டுல சத்தமா சொல்லிடுங்க. பாட்டிலோட அடிப்பாகத்தைக் கையாலயே திருகலாம், பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்கினா பிளாஸ்டிக் விரிசல் விட்டுடும். கழண்டதும் கறுப்புத் தண்ணி ஊத்தும், அடியில சாம்பல் நிறத்துல மெழுகு மாதிரி ஒரு கட்டி, அதுல கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் புதைஞ்சு கிடக்கும். அதை வழிச்சு பேப்பர்ல சுத்தி குப்பையில போடுங்க. டூத் பிரஷ்ஷால உள்ள தேய்ச்சு, டார்ச் அடிச்சு மேல் பைப்பையும் பாத்துடுங்க. கழட்டுறப்போ விழுற ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா மாட்டும்போது குழப்பம் வராது. வாளித் தண்ணியை டாய்லெட்ல ஊத்துங்க. மாட்டினதும் ஜாயிண்ட்டைச் சுத்தி டிஷ்யூ பேப்பர் வச்சு தண்ணியைத் திறந்து பாருங்க, ஒழுகினா உடனே தெரிஞ்சிடும்.

பாத்ரூம் ஃப்ளோர் டிராப்

இங்க முடியும் சோப்பும்தான் சிக்கல். மேல இருக்குற ஜல்லடையைத் தூக்குங்க, பல வீட்டுல அதுக்குள்ள கப் மாதிரி இன்னொண்ணும் இருக்கும், அதையும் எடுங்க. கிளவுஸ் போட்டுக்கிட்டு முடியைக் கையால இழுங்க, ஆழமா இருந்தா பக்கவாட்டுல முள்ளு முள்ளா இருக்குற நீட்டுப் பிளாஸ்டிக் பட்டை ஹார்ட்வேர் கடையில கிடைக்கும், அதை விட்டு இழுத்தா வந்துடும்.

முடிஞ்சதும் அந்தக் கப்பைத் திருப்பி வையுங்க. தண்ணி சீக்கிரமா போகுதுன்னு அதை எடுத்துத் தூரப் போடுறவங்க இருக்காங்க, அது ரொம்பத் தப்பு. அந்தக் குழியில தேங்கி நிக்கிற கொஞ்சம் தண்ணிதான் கழிவுப் பைப்புல இருக்குற காத்தையும் கரப்பானையும் வீட்டுக்குள்ள விடாம தடுக்குது. 2003 சார்ஸ் நேரத்துல ஹாங்காங்ல ஆமோய் கார்டன்ஸ் குடியிருப்புல 300 பேருக்கு மேல நோய் வந்தப்போ, பாத்ரூம் தரைக்குழிகள் காஞ்சு போய் தண்ணித் தடுப்பு இல்லாம இருந்ததும் ஒரு காரணம்னு விசாரணையில சொன்னாங்க. அதனால பயன்படுத்தாத பாத்ரூம் இருந்தா வாரம் ஒரு தடவை ஒரு மக்கு தண்ணி ஊத்தி விடுங்க, ஊருக்குப் போறப்போ கிளம்புற அன்னிக்கும் ஊத்திட்டுப் போங்க.

டாய்லெட் அடைச்சா

திரும்பத் திரும்ப ஃப்ளஷ் பண்ணாதீங்க, வழிஞ்சிடும். டேங்க்குக்குக் கீழ இருக்குற வால்வைத் திருகி மூடிட்டு, டாய்லெட்டுக்குன்னு விக்கிற, அடியில நாக்கு மாதிரி ரப்பர் நீட்டிக்கிட்டு இருக்குற பம்ப்பால அழுத்துங்க. வெட் டிஷ்யூ, பேட் எல்லாம் கரையவே கரையாது, பாக்கெட்ல என்ன போட்டிருந்தாலும் சரி.

மருந்தைப் பத்தி

பேக்கிங் சோடாவும் வினிகரும் நுரைக்கும், நாத்தம் கொஞ்சம் குறையும், கெட்டி அடைப்புக்கு எடுபடாது. கடையில விக்கிற பைப் கிளீனர் நிறைய காஸ்டிக் சோடா வகை. அது தண்ணி பட்டதும் நல்லா சூடாகும், முழுசா அடைச்ச பைப்புல இறங்காம அங்கேயே நிக்கும், அதுக்கப்புறம் நீங்க பம்ப் போட்டா நேரா முகத்துல தெறிக்கும். மருந்து ஊத்தின பைப்புல பம்ப்பும் போடாதீங்க, டிராப்பையும் கழட்டாதீங்க. ஒண்ணு வேலை செய்யலைன்னு இன்னொண்ணை அது மேல ஊத்தவே கூடாது. முக்கியமா பிளீச்சோட ஆசிட் டாய்லெட் கிளீனர் சேர்ந்தா குளோரின் வாயு வரும், நம்ம பாத்ரூம் சைஸுக்கு கொஞ்சம் வந்தாலே மூச்சு முட்டும், உடனே வெளிய வந்துடுங்க. கண்ணுல பட்டா தேய்க்காம 20 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிக்கிட்டே ஆம்புலன்ஸுக்கு 995க்கு போன் பண்ணச் சொல்லுங்க. பிள்ளைங்க இருக்குற வீட்டுல இந்தப் பாட்டிலையே வைக்காம இருக்குறது நல்லது.

பிளம்பரை எப்போ கூப்பிடணும்

பம்ப்பும் போட்டாச்சு, டிராப்பும் கழுவியாச்சு, இன்னும் இறங்கலைன்னா அடைப்பு சுவருக்குள்ளயோ தரைக்குள்ளயோ இருக்கு, நிறுத்திடுங்க. ஒரே இடம் மாசாமாசம் அடைச்சாலும், பல இடம் ஒண்ணா அடைச்சாலும், உள்ள மருந்து தேங்கி நின்னாலும் கூப்பிடுங்க. கீழ் வீட்டு பாத்ரூம் கூரையில ஈரம் தெரியுதுன்னா தள்ளிப் போடாதீங்க. எச்டிபி வீடு நிறைய இடத்துல நம்ம பாத்ரூம் பைப் கீழ் வீட்டுக் கூரைக்கு அடியிலதான் போகுது, கூரை ஒழுகினா அதைக் கண்டுபிடிச்சு சரி பண்றது மேல் வீடு, கீழ் வீடு ரெண்டு பேரோட பொறுப்பு, அதனால அவங்ககிட்ட நீங்களே முதல்ல போய்ப் பேசிடுங்க.

கழிவுப் பைப்பை மாத்தணும், புதுசா இழுக்கணும்னு வந்தா பியூபி (சிங்கப்பூர் தண்ணி வாரியம்) லைசென்ஸ் உள்ள பிளம்பரா பாருங்க, பியூபி வெப்சைட்லயே பேர் தேடலாம். தரையை உடைக்கணும்னு சொன்னா எச்டிபி அனுமதி வேணுமான்னு முதல்ல கேளுங்க, அன்னிக்கே உடைக்க விடாதீங்க.

போன்லயே கேட்டுடுங்க: வந்து பாக்க மட்டும் எவ்வளவு, மெஷின் போட்டா எவ்வளவு, அடைப்பு போகலைன்னாலும் காசு உண்டா, ராத்திரி, ஞாயித்துக்கிழமைன்னா கூடுதலா. மொத்தத் தொகையை வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிட்டு அப்புறம் வேலையைத் தொடங்கச் சொல்லுங்க. வந்ததும் எந்த மருந்து ஊத்தினீங்க, எப்போ ஊத்தினீங்கன்னு மறைக்காம சொல்லிடுங்க, அவர் கையும் கண்ணும்தான் அதுல படப்போகுது. வேலை முடிஞ்சதும் காசு கொடுக்குறதுக்கு முன்னாடி சிங்க்கை நிரப்பி ஒரே தடவையா திறந்து விட்டுப் பாருங்க, டாய்லெட்டையும் ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணுங்க, தரைக்குழியில சத்தம் வரலைன்னா ரசீதை வாங்கிக்கிட்டு அனுப்பி வையுங்க.