சிஎம்எம்சி வேலை: வெளியில் கொடுப்பதா, நாமே பார்ப்பதா?

யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தக்காரருக்கு மென்பொருள் செய்கிறீர்களா? அப்படியென்றால் சிஎம்எம்சி, அதாவது அந்த ஒப்பந்தங்களுக்குக் கேட்கும் இணையப் பாதுகாப்புச் சான்று, உங்களையும் தொடலாம். சியூஐ எனப்படும், பகிரக் கட்டுப்பாடுள்ள அமெரிக்க அரசுத் தகவல் உங்கள் கணினிக்கு வருமா என்று முதலில் கேளுங்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாடுள்ள கோப்பென்றால் உரிய அனுமதியில்லாமல் இங்கே திறக்கவே கூடாது.

வருமென்றால், சிஎம்எம்சியின் இரண்டாம் நிலைக்கு, அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டின் 800-171 ஆவணத்திலுள்ள 110 விதிகள். லாக் (கணினி நடவடிக்கைப் பதிவு) கண்காணிப்பை வெளியில் கொடுங்கள்; ஆறு பேர் உள்ள அலுவலகம் இரவிரவாக விழித்திருக்க ஏலாது. பாதுகாப்புத் திட்ட ஆவணமும் இணையத் தாக்குதல் போன்ற சம்பவத்தை 72 மணிநேரத்துக்குள் அறிவிப்பதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பிழை வருகிற இடம், எந்த விதியை யார் பார்ப்பது என்ற பொறுப்புப் பட்டியல். 'எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள்' என்று எழுதாமல் விடுவார்கள். விதிக்கு ஒரு வரி போதும்: 'விலகியவரின் கணக்கு: அறிவிப்பது நாங்கள், மூடுவது சேவைக்காரர், ஆதாரம் அந்த வேலைக்கான டிக்கெட் பதிவு.' மதிப்பீட்டில் 110க்கு 88 புள்ளிக்குக் குறைந்தால், சில குறைகளோடு தற்காலிகமாகத் தரும் நிபந்தனைச் சான்றும் கிடையாது. கிடைத்தாலும் மிச்சக் குறைகளை 180 நாளில் முடிக்கவேண்டும்.