மர ரயில் நிலைய மாடல் கிட்: பசையைத் திறக்கும் முன்னே நடக்கும் தவறுகள்

மாடல் ரயில் தளத்தில் வைக்க மரக் கட்டடக் கிட் (பாகங்களாக வரும், நாமே ஒட்டிச் செய்யும் பெட்டி) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சில பிளாஸ்டிக் கிட்களைச் செய்து பழகியவர்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிளாஸ்டிக்கில் முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் பெயின்ட் அடித்தாலும் சமாளித்துவிடலாம். மரம் அப்படி விடாது. ஈரத்தைக் குடித்து வளையும். பசை பட்ட இடத்தில் நிறம் ஏறாது. மரக் கிட் பாழாவதற்குக் கைத்திறன் குறைவைவிட, எதற்கு முன் எதைச் செய்வது என்ற வரிசை தவறுவதுதான் பெரிய காரணம்.

உதாரணத்துக்கு எச்.ஓ. அளவில் ஓர் அமெரிக்கக் கிளைப்பாதை ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எச்.ஓ. என்றால் 1:87, அசலில் ஓர் அடி, மாடலில் 3.5 மில்லிமீட்டர். ஒரு பக்கம் பயணிகள் அறை, நடுவே ஸ்டேஷன் ஏஜென்ட்டின் அறை, அதிலிருந்து தண்டவாளத்தின் இரு திசையையும் பார்க்கும்படி வெளியே துருத்திய ஜன்னல், மறுபக்கம் சரக்கு அறை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்களில் பரவலாக இருந்த அமைப்பு இது. சுவர்களில் பலகைகள் செங்குத்தாக நிற்கும். இடுக்குகளை மெல்லிய ரீப்பர்கள் மூடியிருக்கும். கிட்டில் இவையெல்லாம் பாஸ்வுட் என்ற மென்மையான மரத்தில் லேசரால் வெட்டப்பட்டு வரும்.

முதல் தவறு, சுவரின் வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடிப்பது. உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அக்ரிலிக் பெயின்டில் இருக்கும் நீர் பட்ட பக்கம் மட்டும் உப்புகிறது, சுவர்ப் பலகை வளைகிறது. மரம் ரேகையின் (மரத்தில் இழை ஓடும் திசை) நீளத்தில் அநேகமாக மாறாது; ரேகைக்குக் குறுக்கேதான் விரிந்து சுருங்கும். அதனால் முதலில் இரண்டு பக்கமும் பிரைமரோ (அடிப்பூச்சு) சீலரோ (ஈரம் புகாமல் அடைக்கும் பூச்சு) ஸ்பிரே செய்து காயவிட வேண்டும். பிறகு சுவரின் பின்புறத்தில் 3 மில்லிமீட்டர் சதுரச் சட்டங்களை ரேகைக்குக் குறுக்கே ஒட்ட வேண்டும். ரேகை மேலிருந்து கீழாக ஓடினால் சட்டம் கிடைமட்டமாகப் போக வேண்டும். அதே திசையில் ஒட்டிய சட்டம் வளைவைத் தடுக்காது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் வேலை செய்கிறவர்கள் இதில் கொஞ்சம்கூட அலட்சியம் காட்டக்கூடாது. ஏற்கெனவே வளைந்துவிட்டால் குழிந்த பக்கத்தை லேசாக ஈரமாக்கி, தட்டையான பரப்பில் கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வையுங்கள். பெரும்பாலும் நேராகிவிடும்.

பெயின்ட் உதிர்ந்து வெளிறிய பழைய மரம்தான் வேண்டும் என்றால் சீலருக்கு முன்னால் சாயம் ஏற வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டு இண்டியன் இங்க் என்ற கறுப்பு மை கலந்து பூசினால் அழகான சாம்பல் நிறம் கிடைக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி பெரும்பாலும் தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம். 99 சதவீதம் வாங்கினால் வளைவு குறையும். சாயம் ஏறுவதற்குள் ஒரு துளி பசை பட்டுவிட்டால் அந்த இடம் வெளிறிய திட்டாக நிற்கும். எத்தனை முறை பூசினாலும் மறையாது.

லேசர் வெட்டிய விளிம்பு கருகிப் பழுப்பாக இருக்கும். வெளியே தெரியும் விளிம்புகளையும் பசை படும் இடங்களையும் நைஸான உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டும்படி பல் வெட்டிய கிட்டில் பல்லைத் தேய்த்துவிட்டால் பூட்டு தளர்ந்துவிடும். ஜன்னல் சட்டங்களை அவை வெட்டப்பட்டு வரும் மெல்லிய மரத் தாளிலிருந்து கையால் பிய்க்காமல், பிடித்திருக்கும் சிறு முனைகளைப் புது பிளேடால் பின்பக்கமிருந்து வெட்டுங்கள். தாளில் இருக்கும்போதே பெயின்ட் அடித்துவிட்டால் இன்னும் சுலபம்.

சுவர்களை நிறுத்தும்போது சிறிய மூலைமட்டம் கட்டாயம் வேண்டும். ஒரு மூலை லேசாகச் சாய்ந்தாலும் அப்போது தெரியாது. கூரையை வைக்கும்போது முகடு கோணிக்கொண்டு நிற்கும். அந்தக் கட்டத்தில் சரிசெய்ய வழியில்லை. பசைக்கு ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையே போதும், குச்சி முனையால் தொட்டு வைக்கும் அளவுக்கு. ஃபெவிக்விக் வகைப் பசையை ஜன்னல் கண்ணாடித் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். அதன் ஆவி பட்டுத் தாள் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இனி, கிட்டை நம் இடத்துக்கு ஏற்ப மாற்றுவது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதிகம் சொதப்பும் பகுதியும் இதுதான். கத்தியை எடுக்கும் முன் எல்லாத் தாள்களையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் ஜெராக்ஸ் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஒரு மாதிரிக் கட்டடம் செய்து தளத்தில் வைத்துப் பாருங்கள். இடத்துக்குப் பெரிதா, கூரை பக்கத்துக் கட்டடத்தில் இடிக்கிறதா, துருத்திய ஜன்னல் தண்டவாளத்தைப் பார்க்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஏஜென்ட் வரும் ரயிலைப் பார்ப்பதற்கென்றே அமைந்த ஜன்னல் சாலைப் பக்கம் திரும்பியிருந்தால், விஷயம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

நீளத்தைக் குறைப்பது சுலபம். அகலத்தைத் தொட்டால் முக்கோணச் சுவர், கூரைச் சரிவு, முகட்டின் உயரம் எல்லாமே மாறும். முதல் கிட்டில் அது வேண்டாம். நீளத்தை வெட்டும்போது ஒரு ரீப்பரின் விளிம்பை ஒட்டி வெட்டி, துண்டுகளைச் சேர்த்தபின் மேலே புது ரீப்பர் ஒட்டினால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. சுவரைக் குறைத்த அளவு தளப்பலகை, கூரை, கூரையின் கீழ்ச்சட்டம், பிளாட்பாரம் நான்கிலும் குறைய வேண்டும். கூரையை மறந்தவர்கள் நிறைய.

பிளாட்பாரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. நம் ஊர் உயரப் பிளாட்பாரம் கண்ணுக்குப் பழகிவிட்டதால் பயணிகள் பக்கத்தையும் உயர்த்திவிடத் தோன்றும். அமெரிக்கச் சிற்றூர்களில் பயணிகள் பிளாட்பாரம் தண்டவாள மட்டத்தை ஒட்டியே இருந்தது. பெட்டியின் படிகளில்தான் ஏறுவார்கள். சரக்கு மேடை மட்டும் வேகன் தரையளவுக்கு, ஏறக்குறைய 4 அடி உயரத்தில், அதாவது மாடலில் தண்டவாளத்திலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர். ஒட்டும் முன் உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியைத் தள்ளிப் பாருங்கள். பாதை வளைவாக இருந்தால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் மேடையை உரசும்.

பழமையாக்குவதில் பலர் அளவு மீறுகிறார்கள். ஒவ்வொரு பலகையிலும் ஊசியால் குத்தி ஆணித் துளை போடுவது ஒரு பழக்கம். மாடலை 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்ப்பது அசல் கட்டடத்தை 52 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து ஆணி தெரியுமா? துளை போட்டே ஆக வேண்டுமென்றால் பெயின்டுக்கு முன்பு, சட்டம் இருக்கும் வரிசையில் மட்டும், கூர்முனை பட்டும் படாமலும் போடலாம். அழுக்குக்கும் காரணம் இருக்க வேண்டும்: கூரை நிழல் விழும் மேல்பகுதியில் நிறம் மங்காமல் இருக்கும், மழை தெறிக்கும் அடிப்பகுதி 5 மில்லிமீட்டர் மண் நிறமாகும், நீராவி எஞ்சின் நிற்கும் பக்கம் கரி படியும். நான்கு சுவரும் ஒரே சீராக அழுக்கானால் நம்பும்படி இருக்காது.

உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால் சுவர்களின் உள்பக்கத்துக்கு முதலில் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். 1 மில்லிமீட்டர் பாஸ்வுட்டில் எல்.இ.டி. வெளிச்சம் ஊடுருவும், மூலை இணைப்புகளில் கோடாகக் கசியும். இருட்டறையில் விளக்கைப் போட்டுப் பார்த்து, கசியும் இடத்தில் உள்ளிருந்து ரீப்பர் ஒட்டி அடைத்து விடுங்கள். கூரையை ஒட்டவே வேண்டாம். உள்பக்கம் நான்கு சிறு சட்டம் வைத்துச் சுவருக்குள் இறுக்கமாக உட்காரும்படி செய்தால், விளக்கு பழுதானால் தூக்கி மாற்றலாம்.