முகத்தை மழுக்காமல் திருத்துவது எப்படி: போர்ட்ரெய்ட் எடிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கல்யாண ஆல்பங்கள் நாலைந்தைப் புரட்டினால், ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவது போலத் தோன்றும். மணப்பெண், அவள் அம்மா, தோட்டத்தில் ஆயுள் முழுக்கப் பால்மரம் சீவிய பாட்டி, மூன்று பேருக்கும் ஒரே மெழுகுத் தோல். படம் பிடித்தவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல முடியாது. எதைத் திருத்த வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

தோலில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. நுண்துளை, மெல்லிய ரோமம், வரி எல்லாம் ஒன்று. கண்ணுக்குக் கீழே கருப்பு, கன்னத்தில் திட்டு, மூக்கில் பளபளப்பு என்று வெளிச்சமும் நிறமும் ஏறி இறங்குவது இன்னொன்று. பார்ப்பவர் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் இரண்டாவது. நாமோ பிளர் (மங்கலாக்கும் கருவி) போட்டு முதலாவதை அழித்துவிட்டு, திட்டு இன்னும் தெரிகிறதே என்று மேலும் பிளர் போடுகிறோம்.

திட்டுக்கு மருந்து டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது இடம் பார்த்து வெளுக்கவும் இருட்டாக்கவும் செய்வது. ஃபோட்டோஷாப்பில் 50 சதவீதச் சாம்பல் நிற லேயர் ஒன்றை சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வைத்து, பிரஷ்ஷின் ஃப்ளோவை (தடவும்போது விழும் நிறத்தின் அளவை) மிகக் குறைத்து, இருண்ட இடத்தை வெள்ளையாலும் வெளுத்த இடத்தைக் கருப்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவ வேண்டும். துளை ஒன்றுகூடக் கலையாது. ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கலாம். ஆல்பத்தில் உள்ள எல்லாருக்கும் இது கட்டுப்படியாகாது; பெரிதாகப் பிரிண்ட் போடும் படங்களுக்கு மட்டும் செய்தால் போதும். மற்றவற்றுக்கு லைட்ரூமில் 2019-இல் வந்த டெக்ஸ்ச்சர் ஸ்லைடரைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுங்கள். அது தோலை மென்மையாக்கும் கருவியாகத்தான் முதலில் உருவானது. நடுத்தர அளவுள்ள விவரங்களைக் குறைத்து, மிக நுண்ணியவற்றை ஓரளவு விட்டுவைக்கும்.

தோலின் நுண்விவரத்தையும் நிறத்தையும் தனித்தனி லேயராகப் பிரித்துத் திருத்தும் ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் செய்பவர்கள் வீடியோவில் பார்த்த காசியன் பிளர் எண்ணை அப்படியே போடுவது இன்னொரு தவறு. படத்தில் முகம் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். முகம் மட்டும் நிறைந்த படத்துக்குச் சரியான எண், குடும்பமாக நிற்கும் படத்தில் மூக்கையும் உதட்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். துளைகள் மறைய வேண்டும், முகத்தின் வடிவம் நிற்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய் வழியாத நெற்றி கிடையாது. அப்படியே எடுத்துவிட்டு, முற்றிலும் வெளுத்துப்போன இடத்தை எடிட்டில் இருட்டாக்கினால் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். அங்கே ஃபைலில் தகவலே இல்லை. ஹீலிங் பிரஷ்ஷால் பக்கத்துத் தோலை எடுத்து, தனி லேயரில் வைத்து, ஒப்பாசிட்டியை (அடர்த்தியை) பாதியாகக் குறைக்கலாம். அதைவிட, எடுக்கும் முன் ஒரு டிஷ்யூவைக் கொடுத்து ஒற்றச் சொல்வது எவ்வளவோ மேல். பளபளப்பை முழுக்கவும் எடுத்துவிடாதீர்கள். கறுத்த தோலில் முகத்தின் மேடு பள்ளத்தைக் காட்டுவதே அந்த மினுக்கம்தான்.

“அண்ணே, கொஞ்சம் வெள்ளையா ஆக்கிக் கொடுங்க” என்று கேட்பார்கள். படம் இருட்டாக இருந்தால் எக்ஸ்போஷரை ஏற்றுங்கள், அது நியாயம். ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை (வெளிச்ச அளவை) மட்டும் பிடித்து ஏற்றினால், தோலோடு தாலிக்கயிற்று மஞ்சளும் நகையும் ஓரளவு வெளுக்கும். பிரஷ்ஷால் முகத்தை மட்டும் வெளுத்தாலோ கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போல நிற்கும். இந்த வேலையை நான் செய்வதில்லை. வேறு கடைக்குப் போகிறேன் என்றால், சரி, போகட்டும்.

தானியங்கி மென்மையாக்கும் செயலிகளுக்குத் திருநீறு என்றால் என்னவென்று தெரியாது. பட்டையை மங்கலாக்கும், குங்குமத்தின் விளிம்பைக் கரைக்கும், சின்ன ஒற்றைக்கல் மூக்குத்தியைப் பரு என்று நினைத்து விழுங்கினாலும் விழுங்கும். தைப்பூசத்தில் எடுத்த காவடிப் படங்களை மொத்தமாக அதில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பரு, கீறல், கொசுக்கடி போகலாம். மச்சம், தழும்பு, பாட்டியின் கையில் குத்திய பச்சை எல்லாம் இருக்கட்டும். அவர்களே எடுக்கச் சொன்னால் அது வேறு.

300 சதவீதம் பெரிதாக்கி வைத்துத் திருத்துவதும் வீண் வேலை. 8ஆர் பிரிண்ட் என்பது 8க்கு 10 அங்குலம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2400க்கு 3000 பிக்சல். 24 மெகாபிக்சல் படம் அதற்குள் நுழையும்போது கிட்டத்தட்ட 60 சதவீதமாகச் சுருங்குகிறது. நீங்கள் துரத்திய துளைகள் தாளில் இருக்கவே போவதில்லை.

கடைசியாக, இறந்தவர்களின் படம். பழைய சின்னப் படத்தைக் கொண்டுவந்து, நினைவஞ்சலிக்குப் பெரிதாக்கக் கேட்பார்கள். ஏஐ கருவிகள் இல்லாத தோலையும் இல்லாத இமையையும் தாமாகவே வரைந்து வைக்கும். படம் தெளிவாக இருக்கும், ஆள் மாறியிருப்பார். கண், வாய் இரண்டுக்கும் மாஸ்க் போட்டுப் பழைய படத்தையே தெரியவிடுங்கள். வேறு படம் இருந்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். சுவரில் மாட்டி மாலை போட்ட பிறகு, நிற்கும் தூரத்தில் அது தெரியாது.