மூன்று நிறம், ஒரு சுவர்: கொழும்பில் போன் கமராவால் கட்டடப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

நான் சுவரில் படம் வரைபவன். கடை ஷட்டர், பாடசாலை மதில், ஒழுங்கை முடிவில் சும்மா நிற்கும் சுவர் என்று கொழும்பில் கேட்ட இடமெல்லாம் வரைந்திருக்கிறேன். தூரிகையை எடுக்குமுன் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். அப்படி நின்றபோதுதான், சில சுவர்களில் இனி வரைய ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. மஞ்சள் பூச்சு, ஒரு நீலக் குழாய், கூரையின் நிழல். அதைப் படமாக எடுத்தால் போதும். இதற்குப் பெரிய கமரா தேவையில்லை, கையில் இருக்கும் போனே போதும்.

படி 1: நிறங்களை எண்ணுங்கள்

கட்டடம் முழுவதையும் பிடிக்கும் ஆசையை முதலில் விடுங்கள். திரையில் தெரியும் நிறங்களை விரல்விட்டு எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் இன்னும் கிட்டப் போங்கள், அல்லது ஒரு பக்கம் நகருங்கள். நிழலையும் ஒரு நிறமாகவே எண்ண வேண்டும்.

பழக நல்ல இடம் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடித்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், வளைவுகள், கோபுரங்கள். முழுவதையும் எடுத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். ஒரு மூலையை மட்டும் எடுத்து மேலே வானத்தை விடுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மட்டும் போக வேண்டாம். தொழ வருபவர்களுக்கு இடைஞ்சலாகிவிடும்.

நம் கோவில் மதில்களின் காவி வெள்ளைப் பட்டையும் இதே பாடத்தைச் சொல்லித்தரும்.

இஸ்தான்புல்லின் யெனர் டோருன் கட்டடக் கலைஞர். அந்த நகரத்தின் பேர்போன குவிமாடங்களை விட்டுவிட்டு, புதிய குடியிருப்புகளின் வண்ணச் சுவர்களைத் தேடித் தேடி எடுத்தவர். கொழும்பில் தாமரைக் கோபுரத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் பின்சுவரை யார் எடுக்கிறார்கள்?

படி 2: சுவர் எந்தத் திசை பார்க்கிறது?

எனக்கு இதுதான் முக்கியமான படி. காலி வீதி வெள்ளவத்தையில் கடலோரமாக, ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது. கடல் பக்கத்துக் கடைகளின் முகப்பு கிழக்கு நோக்கியது, அதற்குக் காலை வெயில். எதிர்ப்பக்கக் கடைகளுக்குப் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகுதான் நல்ல வெளிச்சம். கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளின் சுவர்களோ வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்வதால் தெற்கு முகச் சுவருக்கு வெயில். ஆனி மாதத்தில் வடக்கு முகத்துக்கு.

நடுப்பகலில் படம் எடுக்காதே என்று சொல்வார்கள். கொழும்பில் நான் அதைக் கேட்பதில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அந்த நாட்களை ஒட்டி வெயில் சுவரை உரசிக்கொண்டே இறங்கும். ஒருநாள் ஒரு பச்சைச் சுவரில் அடித்திருந்த ஆணியைப் பார்த்தேன். சுண்டுவிரல் அளவுகூட இல்லை, அதன் நிழல் ஒரு முழம் நீளத்துக்குச் சுவரில் இறங்கியிருந்தது. பூச்சுக்காரர் கரண்டியை இழுத்த வளைவுகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அந்த அரைமணி நேரம் போனால் அதே சுவர் வெறும் பச்சைதான்.

மழைக்கு முன்னும் தயாராக இருங்கள். கடல் பக்கம் வானம் கறுத்து, சுவரில் மட்டும் வெயில் விழும் ஐந்து நிமிடம் கிடைத்தால் விடக்கூடாது.

படி 3: நேராக நில்லுங்கள்

சுவருக்கு நேர் எதிரே நின்று, போனைச் சுவருக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். கமரா அமைப்பில் (settings) கட்டக் கோடுகளைப் போட்டு, யன்னல் விளிம்பு அந்தக் கோட்டோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். அகல லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் இழுபடும். பின்னால் தள்ளிப் போய் 2 மடங்கு (2x) லென்ஸில் எடுத்தால் சுவர் தட்டையாக, வரைந்தது போலவே வரும். பின்னால் நகருமுன் வீதியைத் திரும்பிப் பாருங்கள், பஸ் நமக்காக நிற்காது.

படி 4: வெளிச்சத்தைப் பூட்டுங்கள்

திரை முழுவதும் வெள்ளைச் சுவர் என்றால் போன் அதைச் சாம்பலாக்கிவிடும். கடும் நீலச் சுவர் என்றால் வெளிறச் செய்துவிடும். சுவரில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியைப் பூட்டி, வெள்ளைக்குச் சற்றுக் கூட்டுங்கள், கடும் நிறத்துக்குச் சற்றுக் குறையுங்கள். ஒரே மஞ்சளாக இருந்தால் நிறமும் மாறிப்போகும். அதைப் பிறகு சரிசெய்யலாம்.

படி 5: கேளுங்கள்

வீட்டு மதில் என்றால் மணி அடித்து, "அம்மா, இந்தச் சுவரின் நிறம் நல்லா இருக்கு, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். என்னைத் தேத்தண்ணி குடிக்க உள்ளே கூப்பிட்டவர்களும் உண்டு. கோட்டைப் பக்கம் காவல் போட்டிருக்கும் கட்டடங்களை எடுக்க வேண்டாம். காவலாளி கை காட்டினால் போனைப் பையில் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஆள் ஒருவர் படத்தில் வேண்டுமென்றால் நண்பரைக் கூட்டிப் போங்கள். கோடு, பூப் போடாத ஒற்றை நிறச் சட்டையில், சட்டகத்தின் ஓரத்தில், சிறிதாக.

படி 6: கொஞ்சமாகத் திருத்துங்கள்

ஸ்நாப்சீட் செயலி இலவசம். அதில் கோணத்தைச் சரிசெய்யும் கருவியால் சாய்ந்த கோடுகளை நிமிர்த்துங்கள். பிறகு சுவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அந்த நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் நிறத்தை ஏற்றினால் பூச்சின் திட்டுத்திட்டான அழகு போய்விடும். உப்புக்காற்றில் உரிந்த இடம், மழைநீர் வழிந்த கோடு, இவற்றை அழிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு மின்கம்பி குறுக்கே போனால் அதை மட்டும் அழித்துவிடுவேன்.

படி 7: ஒரு கொப்பி வையுங்கள்

பெயின்ட் அடித்தால் சுவர் மாறிவிடும், வெயில் மாறினாலும் மாறிவிடும். பார்த்ததைக் குறித்து வைத்தால் சரியான மாதத்தில் திரும்பிப் போகலாம். என் கொப்பியில் கடைசியாக இருப்பது இது: ஹம்டன் ஒழுங்கை, ரோசா மதில், தெற்கு முகம், தை மாதம், காலை 11 மணி, வேப்பமர நிழல் வலப்பக்கம்.