பாலிமரே போடாத பீக்கர்ல உருண்டை கிரிஸ்டல்

கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் கலந்தா எனக்கு கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் கிரிஸ்டல் வரணும், மைக்ரோஸ்கோப்புல சாய்ஞ்ச பெட்டி மாதிரி முனை கூரா தெரியணும். ஆனா பாலிஅக்ரிலிக் ஆசிட்ங்கற பாலிமர் போடாம, ஒப்பிட்டுப் பாக்க வச்ச கண்ட்ரோல் பீக்கர்லயே ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா வந்துச்சு, நாலு நாள் போச்சு. புது கெமிக்கல் பாட்டில் திறந்தேன், தண்ணி மாத்தினேன், கலக்குற வேகத்த குறைச்சேன், ஒண்ணும் மாறல.

அப்புறம்தான் உறைச்சுது, பீக்கரும் ஸ்டிர்ரர் காந்தமும் துணி சோப்பு பவுடர்லதான் கழுவுறோம், நிறைய பவுடர்ல உப்பு படியாம இருக்க அதே வகை பாலிகார்பாக்சிலேட் பாலிமர் சேர்ப்பாங்க, அது சில பிபிஎம் (பத்து லட்சத்துல சில பங்கு) இருந்தாலே கிரிஸ்டல் முகத்துல ஒட்டிக்கிட்டு வளரவிடாது. காந்தத்தோட டெஃப்லான் கீறல்ல பழுப்பா ஒரு கோடு வேற இருந்துச்சு. புது காந்தம் போட்டு, பீக்கர நீர்த்த நைட்ரிக் ஆசிட்ல ராத்திரி ஊறவச்சு டிஸ்டில்ட் வாட்டர்ல நல்லா அலசினேன். மறுநாள் எல்லாமே கூரான பெட்டி, அப்பாடா!