பத்தொன்பது பேர்தான் என்று சொல்லும் முதலாளிகளுக்கு

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டிலோ ஒரு கடைக்காரரிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சின்னக் கடை என்றால் ஒன்பது, பெரிய கடை என்றால் பத்தொன்பது. பத்துப் பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு, இருபது பேர் ஆனால் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பத்திலும் இருபதிலும் யார் யார் சேர்த்தி என்பதில்தான் கோளாறு. பின்னால் மொத்தமாகப் பணம் கட்டித் தவிப்பவர்களில் பலர் வேண்டுமென்றே ஏமாற்றியவர்கள் இல்லை, ஆளைத் தப்பாக எண்ணியவர்கள்.

சம்பளப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் மட்டும் ஊழியர் அல்ல. ஏஜென்சி அனுப்பிய வாட்ச்மேன், காலையில் ஒரு மணி நேரம் பெருக்கிவிட்டுப் போகும் அம்மா, காண்ட்ராக்டர் வழியாக வந்து குடோனில் சுமை இறக்கும் வடமாநிலத்துப் பையன்கள் எல்லோரும் கணக்கில் வருவார்கள். சம்பளம் வாங்கும் மச்சினனும் வருவான். "அவன் நம்ம பய, வேலை பழகுறான் சார்" என்ற பதில் எடுபடாது. அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவு செய்த பயிற்சியாளர் என்றால் பி.எஃப். கணக்கில் சேராது. மூன்று வருடமாகப் பில் போடுகிறவனுக்கு 'ட்ரெயினி' என்று பெயர் வைத்தால் அவன் ஊழியன்தான்.

இன்னொரு உத்தி, ஒரே கடையை அண்ணன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று பிரிப்பது. கல்லா ஒன்று, குடோன் ஒன்று, ஆட்களும் இங்கும் அங்கும் மாறி நிற்கிறார்கள் என்றால் பி.எஃப். அலுவலகம் இரண்டையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்து எண்ணிவிடும். ஒருமுறை பி.எஃப். வரம்புக்குள் வந்த பிறகு ஆள் குறைந்து பன்னிரண்டு ஆனாலும் வெளியே வர முடியாது.

சம்பளம் 12,000 ரூபாய் என்றால் பி.எஃப். தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். முதலாளி பங்கும் அதே 1,440. ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளியிடம் 0.75 சதவீதம், 90 ரூபாய்; முதலாளி 3.25 சதவீதம், 390 ரூபாய். இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முதலாளி பங்கையும் சேர்த்துத் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது நம் ஊரில் சகஜமாக நடக்கிறது. சட்டம் அதை அனுமதிக்கவில்லை. அதைவிட ஆபத்தானது, தொழிலாளி பங்கைப் பிடித்துவிட்டு வியாபாரத்துக்குச் சுழற்றுவது. வட்டி, அபராதத்தோடு அது நிற்காது, நம்பிக்கை மோசடி வழக்காகவே போகலாம்.

ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். ஜூன் மாதம் சம்பளத்தை 22,000 ஆக உயர்த்தியதும் பிடித்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம் என்பதால் செப்டம்பர் முடியும்வரை கட்டித்தான் ஆக வேண்டும்.

அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரித் தொழிற்சாலைகளில், கதை வேறு. உடைப்பதும் தோல் எடுப்பதும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் எடைபோட்டு, துண்டு விழுந்த பருப்பைத் தனியே தள்ளி, மிச்சத்துக்குத்தான் கணக்கு எழுதுவார்கள். கிலோக் கூலி கொடுப்பது தவறில்லை. ஆனால் முழு நாள் உட்கார்ந்த பெண்ணுக்கு அன்றைக்குக் கிடைத்தது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. காலையில் ஆட்களை வரச் சொல்லிவிட்டு, கொட்டை வரவில்லை, பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போங்கள் என்றால் அது முதலாளியின் குறை. முழு நாள் கூலி கொடுக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் மாறுகிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய கூலியையே கொடுத்துவிட்டு "யாரும் கேட்கலியே" என்றால், கேட்கும் நாளில் பாக்கி முழுவதும் சேர்ந்து வரும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 29 பழைய மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. "பழைய சட்டம் போச்சு, புது விதி வரட்டும் பார்ப்போம்" என்று கையைக் கட்டி உட்காருவது இப்போது கிளம்பியிருக்கும் புதுத் தவறு. கடைகள் நிறுவனங்கள் சட்டம் போன்ற மாநிலச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. அடிப்படைச் சம்பளத்தை 4,000 என்று குறைத்து, மிச்சத்தை அலவன்ஸ் என்னும் படிகளாகப் பிரித்து எழுதும் பழைய வித்தைக்கும் புதுத் தொகுப்பு கடிவாளம் போட்டிருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே எண்ணப்படும்.

நியமனக் கடிதம் இப்போது எல்லோருக்கும் கட்டாயம். வாய்ச்சொல்லில் சேர்த்த ஆளோடு தகராறு வந்தால், எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன சம்பளம் என்பதற்கு முதலாளி கையில் ஒரு தாளும் இருக்காது. ஆள் சொல்வதே கணக்கு. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையில் இது நேரடியாகப் பணம். 12,000 ரூபாய்க் கடைசிச் சம்பளத்தில் பத்து வருடம் இருந்தவருக்கு, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம், 69,231 ரூபாய். சேர்ந்த வருடம் இரண்டு தள்ளிப்போனால் சுமார் 14,000 ரூபாய் மாறும்.

விடுமுறையில் ஒரு குழப்பம் நம் மாவட்டத்துக்கே உரியது. கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் அது அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான். தனியார் நிறுவனத்துக்கு 1958ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைக்கு ஐந்தும். அந்த ஐந்தில் கோட்டாரா, மண்டைக்காட்டுக் கொடையா, ஓணமா என்பதை ஊழியர்களிடம் கேட்டு வருடத் தொடக்கத்திலேயே பட்டியலிட்டால் டிசம்பரில் சண்டை வராது. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையேல் சம்பளத்தோடு மாற்று விடுப்பு.

ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி போடுவது 2021 முதல் தமிழ்நாட்டில் சட்டம். நாற்காலியை வாங்கி ஸ்டோர் ரூமில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழுவும் வேண்டும், வெளி உறுப்பினர் ஒருவரோடு. இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

தனியார் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் விடாத பழக்கம், சேரும்போதே அசல் சான்றிதழை வாங்கிப் பீரோவில் பூட்டுவது. செவிலியர் வேலையை விட்டு வெளிநாடு போகிறார் என்றதும் "ஒரு வருஷம் பாண்டு இருக்கு" என்பார்கள். பாண்டு என்னும் அந்த ஒப்பந்தத்தில் உண்மையான பயிற்சிச் செலவு இருந்தால் அதைச் சட்டப்படி வழக்குப் போட்டு வாங்கலாம். சான்றிதழை அடகுபோல் பிடித்து வைக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. சம்பளப் பாக்கியையும் புதுத் தொகுப்பின்படி, ஆள் விலகிய இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். "அடுத்த மாசம் பத்தாம் தேதி வாம்மா" என்பது இனி செல்லாது.