மார்கழி கச்சேரியும் இரவு விருந்தும் ஒரே நாளில் வந்தால்

சென்னையில் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடக்கும் டிசம்பர் சீசனில் ஒரே மாலையில் கச்சேரியும் வெளி விருந்தும் இருந்தால், ஆறரை மணிக் கச்சேரியை விட்டுவிட்டு நாலு மணிக் கச்சேரிக்குப் போங்கள். பெரும்பாலும் அது ஆறேகாலுக்குள் மங்களம் பாடி முடிந்துவிடும். மார்கழியில் கல்யாண ரிசப்ஷன் அபூர்வம். வருவதெல்லாம் ஆண்டிறுதி விருந்துகளும் பழைய மாணவர் கூட்டங்களும்தான், அவை ஏழரைக்கு முன் களைகட்டாது. நாலு மணியில் பாடுபவர்கள் பெரும்பாலும் வளர்ந்துவரும் வித்வான்கள். அதனால் டிக்கெட்டும் மலிவு, முன்வரிசையும் கிடைக்கும். பிற்பகல் கச்சேரிக்கு டிக்கெட்டே இல்லாமல் உள்ளே விடும் சபாக்களும் (கச்சேரி நடத்தும் அமைப்புகள்) உண்டு.

சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் வரிசை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, பிரதான உருப்படிக்கு (கச்சேரியில் விரிவாகப் பாடும் முக்கியப் பாட்டு) முந்தைய கைதட்டலிலேயே எழுந்துவிடுங்கள். பிரதானத்துக்கு உட்கார்ந்துவிட்டால் அதில் வரும் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, முடியும்வரை நகராதீர்கள். மிருதங்கக்காரருக்கு அன்று முழுசாகக் கிடைப்பது அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அப்போது கூட்டமாக எழுந்து கேன்டீனுக்குப் போவது பெரிய கொடுமை.

நாடகத்துக்கு இந்த வழி உதவாது. அது பெரும்பாலும் மாலைக் காட்சிதான். முன்னணிப் பாடகரைத்தான் கேட்க வேண்டும் என்றாலும் மாலைக் கச்சேரிதான், விருந்துக்கு வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.